பக்கவிளைவு சித்தப்பா

அச்சகத்தில் பிழை திருத்துவது சித்தப்பாவின் வேலை. எறும்பு எழுத்தைக்கூடக் கண்ணாடி போடாமல் படிப்பார். வீட்டில் யாருக்கு மருந்து வாங்கினாலும், டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்து உரக்கப் படிக்காமல் விடமாட்டார். தலை சுற்றும், வாய் உலரும், உடம்பு அரிக்கும் என்று அவர் அடுக்கும்போதே கேட்பவர்களுக்குச் சொறியத் தோன்றும். 'பக்கவிளைவு' என்று அண்ணன் பட்டப்பெயரே வைத்துவிட்டார்.

அண்ணன் மகளுக்கு ஆறு வயது. காதில் சீழ் வைத்துக் காய்ச்சல் அடித்தது. டாக்டர் கொடுத்த மருந்துப் பாட்டிலோடு வந்த தாளையும் சித்தப்பா படித்தார். "வாந்தி வருமாம், அண்ணி. பக்கத்துல ஒரு பேசின் வச்சுக்கோங்க."

சொன்னபடியே வந்தது. மறுநாள் கரண்டியைப் பார்த்ததுமே பிள்ளை குமட்டினாள். அதற்கடுத்த நாள் பாட்டில் மூடியைத் திருகும் சத்தமே போதுமாக இருந்தது. காய்ச்சல் இறங்கவே இல்லை.

அண்ணியும் சித்தப்பாவும் அவளை மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"மருந்து எப்படிக் கண்ணு இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வாந்தி வரும்னு பேப்பர்ல போட்டிருக்கு. சித்தப்பா படிச்சாங்க."

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினார். "'சிலருக்கு'ன்னு முன்னாடி ஒரு வார்த்தை இருந்திருக்குமே?"

இருந்தது. அதை அவர் வாசிக்கவில்லை. அச்சகத்தில் ஒரு சொல்லை விழுங்கினால் முதலாளி உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

"நல்லா இருக்கே! மருந்தை இவ முழுங்கல. வார்த்தையை நீங்க முழுங்கிட்டீங்க," என்று அண்ணி பல்லைக் கடித்தாள். அவருக்கு முகம் செத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பேசினை அவரே கொண்டுபோய்க் குளியலறையில் வைத்தார். பிள்ளையை மடியில் உட்காரவைத்துக்கொண்டார்.

"சித்தப்பா அரைகுறையா படிச்சுட்டேன்டா. சில பிள்ளைங்களுக்குத்தான் வாந்தி வரும். நிறையப் பேருக்கு ஒண்ணும் ஆகாது."

"எனக்கு?"

பொய் சொல்ல அவருக்கு நா எழவில்லை. "குடிச்சுப் பார்ப்போம். கொஞ்சம் கசக்கும். வயித்தைப் பிசைஞ்சா என் கையை நல்லாக் கிள்ளு."

குடித்தாள். கண்ணை இறுக்கிக்கொண்டு கிள்ளினாள். அவர் "ஆ" என்று கத்த, அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சிரிப்பில் குமட்டலை மறந்தே போனாள். மருந்து வயிற்றில் தங்கியது.

இரண்டு நாளில் உடம்பு குளிர்ந்தது. "அம்மா, பசிக்குது" என்ற குரல் கேட்டு அடுப்படிக்கு முதலில் ஓடியவர் சித்தப்பாதான். அப்பாடா என்று பெருமூச்சு விட்ட அண்ணி, அவர் கையைப் பார்த்தாள். முழங்கை வரை கன்றிப்போயிருந்தது.

"களிம்பு தரட்டுமா, தம்பி?"

"தாங்க, அண்ணி. டப்பாவை மட்டும் நீங்களே வச்சுக்கோங்க."