காலைக்கு மாறிய அரிசிப் பேச்சு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுவில், ரங்கூனில் அரசாங்க வர்த்தக இலாகாவில் நான் குமாஸ்தா. அரிசி ஏற்றுமதி வரியைப் பற்றிப் பேச இங்கிலாந்திலிருந்து ஒரு குழு வந்தது. நாற்காலி போடுவதிலிருந்து நிகழ்ச்சி நிரல் தட்டச்சு செய்வதுவரை எல்லா ஏற்பாடும் என் தலையில் விழுந்தது.

எங்கள் இலாகாவின் தலைவரான வெள்ளைக்காரத் துரை வகுத்த திட்டப்படி, காலையில் லாஞ்சு என்ற இயந்திரப் படகில் ஆற்றின் அக்கரையிலுள்ள டாலாவுக்குப் போய் அரிசி ஆலையைப் பார்ப்பது, பிற்பகலில் பேச்சுவார்த்தை. மறுநாள் விடியலில் அவர்களுக்குக் கப்பல். பர்மிய ஆலைக்காரர்கள் சார்பில் ஒரே ஒருவருக்குத்தான் பேச அனுமதி. அவர் இரண்டு நாள் படகில் வந்திருந்தார். தமக்குக் கால் மணி நேரமாவது நிச்சயம் உண்டா என்று என்னிடம் பர்மிய மொழியில் இரண்டு முறை கேட்டார்.

அன்றைக்கு ஆற்றில் தண்ணீர் வற்றும் நேரத்தை ஓத அட்டவணையில் பார்த்தேன். பகல் பதினொன்றுக்குமேல் ஆலையின் படகுத்துறையில் லாஞ்சு சேற்றில் உட்கார்ந்துவிடும். மறுபடி தண்ணீர் ஏறிக் கிளம்புவதற்குள் மணி நாலாகிவிடும். பேச்சுவார்த்தைக்கு நேரம் இருக்காது.

தலைமைக் குமாஸ்தாவும் என்னைப்போலத் தமிழர்தான். நான் விஷயத்தைச் சொன்னபோது, துரை போட்ட திட்டத்தில் நாம் கைவைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். நானே துரையின் அறைக்குப் போனேன். ஓத அட்டவணையை நீட்டி, லாஞ்சு சேற்றில் மாட்டும் என்று சொன்னேன்.

அவர் அட்டவணையைப் புரட்டிவிட்டு, "இதில் சேற்றைப் பற்றி ஒன்றும் இல்லையே. உனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"என் அப்பா அந்தத் துறையில் இருபது வருஷம் படகுக்குக் கயிறு பிடித்தவர், சார். அவரோடு நானும் அந்தச் சேற்றில் மாட்டியிருக்கிறேன்."

கூலிக்காரன் மகன் என்று அந்த அலுவலகத்தில் நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.  துரை பென்சிலை எடுத்துக் காலையையும் பிற்பகலையும் இடம் மாற்றினார்.

பேச்சுவார்த்தை காலையில் நடந்தது. ஆலைக்காரர் பட்டு லுங்கியும் தலைப்பாகையுமாக எழுந்து நின்று, வரி ஏறினால் உழவனுக்கு நெல் விலை எப்படி விழுகிறது என்று ஆங்கிலத்தில் நிதானமாக விளக்கினார். கால் மணி ஒரு மணி நேரமானது. குழுத் தலைவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கேள்விமேல் கேள்வி கேட்டார். நாலு மணிக்குத் தண்ணீர் ஏறியபின் எல்லோரும் டாலாவுக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பினார்கள்.

அந்த வருஷம் வரி குறையவில்லை. ஆனால் லண்டனுக்குப் போன அறிக்கையில் அந்த ஆலைக்காரரின் பேச்சு ஒரு வாக்கியம்கூட விடாமல் இருந்தது. அதைத் தட்டச்சு செய்தவன் நான்.