தண்ணீர் வற்றும் நேரம் கேட்ட எங்கள் அக்கா

அக்கா ஆண்டவரிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. தம்பி என்ற உரிமையிலும் கொஞ்சம் கர்வத்தோடும் இதை எழுதுகிறேன்.

மயிலாப்பூரில் பள்ளி ஆசிரியரின் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. அப்பா சீக்கிரமே காலமாகிவிட, செவிலியர் வேலைக்குப் போய் என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார். கோபக்காரர். ஆனால் தவறு தன்னுடையது என்று தெரிந்தால் அதே வேகத்தில் ஒப்புக்கொள்வார்.

திருவான்மியூரைத் தாண்டி, உப்பங்கழி ஓரத்துச் சுகாதார நிலையத்தில் அவருக்குப் பணி. அங்குள்ள இருளர் குடும்பங்கள் தடுப்பூசிக்கோ கர்ப்பகாலப் பரிசோதனைக்கோ வருவதில்லை. பதிவேட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே ‘வர மறுப்பு’ என்று எழுதியவரும் அக்காதான். ஏழு மாதக் கர்ப்பிணியான கன்னியம்மாவைத் தேடி ஒருநாள் காலையில் கழிக்கே போய்விட்டார். இடுப்பளவு தண்ணீரில், முதுகைக் காட்டிக் குனிந்து இறால் தடவிக்கொண்டிருந்த கன்னியம்மா, எத்தனை முறை கூப்பிட்டும் பதில் சொல்லவில்லை. அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கன்னியம்மா கரையேறிய பிறகுதான் விஷயம் புரிந்தது. சேற்றில் தேட இரண்டு கையும் வேண்டும் என்பதால், இறால் போடும் ஓலைக்கூடையைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார். வாயைத் திறந்தால் அன்றைய பாடு தண்ணீரோடு போய்விடும்.

கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கன்னியம்மா சொன்னார்: “கடலு உள்வாங்கி கழில தண்ணி வத்தறப்பதான் எறா ஆப்புடும். அந்த நேரம் நாளுக்கு நாள் மாறும். உன் ஆஸ்பத்திரி தெனம் காலைல தொறந்து மத்தியானம் மூடிடுது. எங்கள ஒரு வார்த்த கேட்டியா, நர்சம்மா?”

கேட்கவில்லை என்று ஒப்புக்கொண்டார் அக்கா. பதிவேட்டில் ‘வர மறுப்பு’ அத்தனையையும் அடித்துவிட்டு, ‘நேரம் கேட்கவில்லை’ என்று எழுதினார். கடலைப் பார்த்தா ஆஸ்பத்திரி நடத்துவது என்று மருத்துவர் சிரித்தார். அக்கா நச்சரித்தே அனுமதி வாங்கினார். வாராவாரம் புதன்கிழமை முகாமுக்குக் கன்னியம்மாவைக் கேட்டுத்தான் நேரம் குறித்தார். குடும்பங்கள் வரத் தொடங்கின. கன்னியம்மாவின் மகளும் நல்லபடியாகப் பிறந்தாள். எங்கள் வீட்டுக் காலண்டரில் திருநாட்களைவிடத் தண்ணீர் வற்றும் நேரங்களே அதிகம். கப்பல் வேலைக்குப் போயிருக்கலாமே என்று நாங்கள் கேலி செய்வோம்.

கடைசி வாரம், பேச்சு தளர்ந்த நிலையிலும், புதன்கிழமைக்கு என்ன நேரம் குறித்திருக்கிறார்கள் என்றுதான் கேட்டார். அடக்கத் திருப்பலிக்கு இருளர் குடும்பங்கள் கோயில் நிறைய வந்திருந்தன. அன்று தண்ணீர் வற்றும் நேரமும் அதேதான் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒருநாள் பிழைப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். வெட்கமாகவும் பெருமையாகவும் இருந்தது.

சிகிச்சையளித்த மருத்துவர்கள், உடனிருந்த செவிலியர்கள், பங்குத்தந்தை, உறவினர், அண்டை வீட்டார் அனைவருக்கும் எங்கள் நன்றி. நினைவுத் திருப்பலி ஏன் பிற்பகல் மூன்று மணிக்கு என்று பலர் கேட்டீர்கள். இந்த முறை கன்னியம்மாவைக் கேட்டுத்தான் நேரம் குறித்தோம்.