தண்ணீர் திரும்பிப் போகும் ஊர்

வெனிஸில் எங்களுக்கு விடிந்த முதல் காலையில் அப்பாவைக் காணவில்லை. அவர் படுத்திருந்த கட்டிலில் போர்வை நாலாக மடித்து வைத்திருந்தது. போன் தலையணை ஓரத்திலேயே கிடந்தது. எழுபத்தொரு வயது. தமிழும் எல்லைப்புறத்து அரைகுறை மலையாளமும் தவிர வேறு பாஷை தெரியாது. கணவரையும் மகளையும் எழுப்பத் தோன்றாமல் நான் மாடிப்படியில் இறங்கி ஓடினேன்.

வெகுதூரம் தேட வேண்டியிருக்கவில்லை. நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டின் பின்வாசல் நேராக வாய்க்காலில் இறங்குகிறது. படகு வந்து நிற்பதற்கான கல் படிகள். மேல்படியில் தலையில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு அப்பா குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

"எந்திருச்சிட்டியா ஆத்தா? இங்கன வா. நான் வந்து உக்காரையில நாலு படி தெரிஞ்சுச்சு. இப்ப எண்ணிப் பாரு."

எண்ணினேன். இரண்டுதான் தெரிந்தது. மூன்றாவது படியின் பச்சைப் பாசி தண்ணீருக்கடியில் அசைந்துகொண்டிருந்தது.

"எங்கனயோ மதகத் தொறந்து விட்டுட்டாக," என்றார் அப்பா. "மழையும் இல்ல, ஒண்ணும் இல்ல. இம்புட்டு தண்ணி சும்மா வராது."

அப்பா முப்பத்தாறு வருஷம் வாய்க்கால் லஸ்கராக இருந்தவர். கூடலூருக்குக் கீழே ஆற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்காலில் ஷட்டர்களை ஏற்றி இறக்குவது, கரையில் சைக்கிளில் போய் உடைப்பு பார்ப்பது, அளவுக்கல்லில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று காலையும் மாலையும் குறித்து அனுப்புவது. இதுதான் அவர் வேலை. நாங்கள் கம்பம் பள்ளத்தாக்கை விட்டு வெளிநாடு போவோம் என்று யாரும் நினைத்ததில்லை. நான் தேனியில் கணக்கு டீச்சர். கணவர் சின்னமனூரில் பம்புசெட் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறார். மகள் பத்தாம் வகுப்பு முடித்தால் வெளிநாடு கூட்டிப்போவதாக அவர் என்றோ வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவள் விடவில்லை. தெருவெல்லாம் தண்ணீராக இருக்கிற ஊருக்குத்தான் போக வேண்டும் என்று போனில் படங்களைக் காட்டினாள். அன்று வீட்டுக்கு வந்திருந்த அப்பா அந்தப் படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "மாப்ள, எனக்கும் ஒரு பாஸ்போர்ட் எடுத்துருங்க," என்றார். தனக்கென்று அவர் எதையும் கேட்டு நான் அறிந்ததில்லை. அம்மாவையும் கூப்பிட்டோம். வீரபாண்டித் திருவிழாவுக்கு மேல் தான் பார்க்க வேண்டியது எதுவும் இல்லை என்று அவள் சொல்லிவிட்டாள். திருவிழா முடிந்த பிறகு, மே கடைசியில், நாங்கள் நால்வர் மட்டும் கிளம்பினோம்.

மகள் எழுந்து வந்ததும் அப்பா தன் சந்தேகத்தை அவளிடம் வைத்தார்.

"அது கடல் தாத்தா. டைடு. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறும், ரெண்டு தடவை எறங்கும்."

"நானும் ராமேஸ்வரம் போயிருக்கேன். கடலு அலை அடிக்கும். இப்படிப் பூனை மாதிரி வாய்க்காலுக்குள்ள ஏறி வருமா?"

"வரும். அப்புறம் திரும்பிப் போயிரும்."

"இதே வாய்க்கால் வழியாவா?"

அதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை. காலைச் சாப்பாட்டில் மிச்சமிருந்த ரொட்டித் துண்டைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டார். அது நகரும் முன்பே ஒரு கடற்காகம் கொத்திக்கொண்டு போனது. அடுத்தது ஆரஞ்சுத் தோல். அது மெல்ல இடப்பக்கம் நகர்ந்து பாலத்துக்கு அடியில் போய் மறைந்தது. நாங்கள் பெரிய தேவாலயத்தையும் அதற்கு முன்னால் இருக்கும் சதுக்கத்தையும் பார்த்துவிட்டு மதியம் திரும்பியபோது, காலிலிருந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் இன்னொரு தோலோடு பின்வாசலுக்குப் போனார். அது வலப்பக்கம் போயிற்று. அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது.

"மாப்ள! இங்கன வந்து பாருங்க. திரும்பிப் போகுது!"

அவருடைய வாய்க்காலில் தண்ணீர் ஒரே திசையில்தான் போகும். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு. தலைமடைக்காரன் முதலில், கடைமடைக்காரன் கடைசியில். போன தண்ணீரைக் கூப்பிட முடியாது என்பதால்தான் அந்த ஊர்களில் இத்தனை சண்டை. அங்கே முப்பத்தாறு வருஷம் நின்றவருக்கு இது என்னவாக இருந்திருக்கும் என்று எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், கணக்கு டீச்சரான எனக்கும் அன்றுவரை கடல் ஏற்றவற்றம் என்பது பாடப்புத்தகத்து வரிதான்.

அதற்குப் பிறகு அவரோடு ஊர் சுற்றுவது தனி அனுபவமாக ஆகிவிட்டது. எல்லோரும் கோபுரங்களை அண்ணாந்து பார்க்க, அவர் சுவர்களின் அடிப்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். குழாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது என்று கேட்டார். சின்னச் சின்ன சதுக்கங்களின் நடுவில் இரும்பு மூடி போட்ட பழைய கிணறுகள் இருந்தன. அவற்றை விட்டு அவரை நகர்த்தவே முடியவில்லை.

"சுத்தியும் உப்புத் தண்ணி. இதுக்கு நடுவுல எந்தக் கிறுக்கன் கெணறு வெட்டுவான்?"

இதற்கு விடை வீட்டுக்காரம்மாவிடம் கிடைத்தது. அறுபது வயதிருக்கும், கீழ்த்தளத்தில் தனியாக வசித்தார். நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசுவார். கணவர் மொழிபெயர்த்தார். அவை ஊற்றுக் கிணறுகள் அல்ல. சதுக்கத்தின் கல்தளத்தில் விழும் மழைத்தண்ணீர் நான்கு ஓட்டைகள் வழியாக இறங்கி, அடியில் நிரப்பியிருக்கும் மணலில் வடிந்து, நடுக்கிணற்றில் சேரும். கடல்தண்ணீர் உள்ளே வராதபடி சுற்றிலும் களிமண் பூச்சு. அப்பா களிமண் என்ற சொல் வந்ததும் தலையை ஆட்டினார். அவருக்குத் தெரிந்த சாமான் அது.

அப்போதுதான் வீட்டுக்காரம்மாவின் வாசல் நிலையில் இரண்டு பக்கமும் இருந்த பள்ளக்கோட்டை அவர் கவனித்தார். விரலை விட்டு மேலிருந்து கீழாகத் தடவினார்.

"மாப்ள, இது பலகை எறக்குற காடி. நம்ம சின்ன மடையில இருக்கும்ல, அதே தான். இந்தம்மா வீட்டு வாசல்ல எதுக்கு?"

அந்த அம்மா உள்ளே போய் ஒரு தகரப் பலகையைக் கொண்டுவந்தார். முழங்கால் உயரம், ஓரமெல்லாம் ரப்பர். தண்ணீர் அதிகமாக ஏறும் நாட்களில் இதை வாசலில் இறக்கிவிடுவார்களாம். அப்பா பலகையை வாங்கி அவரே காடியில் இறக்கினார். ரப்பர் ஓரிடத்தில் தேய்ந்திருப்பதைக் காட்டி, இங்கன கசியும் என்று தமிழிலேயே சொன்னார். அந்த அம்மா இத்தாலிய மொழியில் ஏதோ சொல்லிச் சிரித்தார். கசியத்தான் செய்கிறது என்று சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. பிறகு உள்சுவரில் ஒரு கோட்டைக் காட்டினார். ஒருமுறை தண்ணீர் ஏறி நின்ற இடம். அப்பாவின் நெஞ்சுக்கு வந்தது. அவர் அந்தக் கோட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

இப்போது அத்தனை பயமில்லை, கடல் வாயிலில் பெரிய மதகுகள் போட்டிருக்கிறார்கள் என்றார் அந்த அம்மா.

கடைசி நாளைக்குக் கண்ணாடி செய்யும் தீவுக்குப் போவதாகத் திட்டம். மகள் அதற்காகவே ஒரு பையைக் காலியாக வைத்திருந்தாள். அன்று காலை அப்பா, "நீங்க போயிட்டு வாங்க, நான் படியில உக்காந்துருக்கேன்," என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன்.

"மதகப் பாக்கணுமா?"

"தூரமோ என்னவோ."

மகளும் கணவரும் தீவுக்குப் போனார்கள். நானும் அப்பாவும் வேறு படகு ஏறினோம். அது கடலோரமாக நீண்டு கிடக்கும் ஒரு தீவில் இறக்கிவிட்டது. அங்கே கார்களும் பஸ்களும் ஓடின. நாலு நாள் கழித்துப் பஸ்ஸைப் பார்த்ததும் அப்பா பழைய சிநேகிதரைக் கண்டதுபோல் சிரித்தார். பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய், அங்கிருந்து கற்கரை வழியாக நடந்தோம். காற்று மஃப்ளரைப் பிடுங்கியது.

கடல் வாய்க்கு வந்து சேர்ந்தபோது அங்கே ஒன்றுமே இல்லை. அகலமான தண்ணீர். தூரத்தில் எதிர்க்கரை. நடுவே ஒரு திட்டில் சில கட்டடங்கள். ஒரு கப்பல் நிதானமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் எதிர்பார்த்திருந்த தூண்கள், சங்கிலிகள், ராட்சசக் கதவுகள் எதுவும் கண்ணில் படவில்லை. இடம் மாறி வந்துவிட்டோமோ என்று தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் தூண்டிலை விடாமல் இன்னொரு கையால் நேராகத் தண்ணீரைக் காட்டினார். பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்துத் தரைக்கு இணையாக வைத்து, மெல்ல ஒரு ஓரத்தைத் தூக்கினார்.

அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது.

"அடியில படுத்துக் கெடக்கு ஆத்தா! வேணும்ங்கிறப்ப எந்திருக்கும்."

போனில் தேடி வாசித்துச் சொன்னேன். உள்ளே தண்ணீர் நிரம்பிய பெரிய இரும்புப் பெட்டிகளைக் கடலடியில் வரிசையாகக் கீல் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். காற்றை உள்ளே செலுத்தினால் தண்ணீர் வெளியேறும், பெட்டி எழுந்து நிற்கும்.

"அப்ப தூக்குறது இல்ல. மெதக்க விடுறாக." அடுத்து, "யாரு உத்தரவு குடுப்பாக?" என்றார்.

மறுபடியும் தேடினேன். கடல் எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே கணித்து, ஓர் அறையில் இருந்தபடி முடிவு செய்கிறார்கள் என்று சொன்னேன்.

"மதகுகிட்ட ஆளு நிக்க மாட்டாகளா?"

"இல்லப்பா."

ஒரு கல்லில் உட்கார்ந்தார். "நீ ஏழாப்புப் படிக்கையில நான் மூணு மாசம் வீட்ல இருந்தேன், ஞாபகம் இருக்கா?"

"லீவு போட்டிருக்கேன்னு சொன்னீங்களே."

"லீவு இல்ல. சஸ்பெண்டு."

அந்த ஐப்பசியில் மலைத்தண்ணீர் திடீரென்று வாய்க்காலில் இறங்கியிருக்கிறது. வடிகால் ஷட்டரைத் திறந்தால் கீழே இருக்கும் வயல்கள் முங்கும். திறக்காவிட்டால் கரை தாங்காது. மேலதிகாரியிடம் கேட்டு வர ஆள் அனுப்பிவிட்டு, ஷட்டர் பக்கத்தில் சாவியோடு நின்றிருக்கிறார். ஆள் திரும்பி வருவதற்குள் கரை உடைந்துவிட்டது. அறுப்புக்கு நின்ற நெல் போனது.

"தொறந்திருந்தா கேக்காமத் தொறந்தான்னுருப்பாக. தொறக்கல, வேடிக்கை பாத்தான்னுட்டாக. அன்னைக்கு நான் என்ன செஞ்சிருக்கணும்னு இன்னும் எனக்குத் தெரியல ஆத்தா."

அந்த மூன்று மாதமும் அவர் என்னைத் தினமும் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட்டார். அதுதான் என் சிறுவயதில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் என்று என் வகுப்புப் பிள்ளைகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் அதைச் சொன்னேன். "அப்படியா?" என்று நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாம என்ன இருக்கு."

பிறகு எழுந்து கால்சட்டையைத் தட்டிவிட்டு, கீல் துருப்பிடித்தால் யார் முங்கிப் போய்ப் பார்ப்பார்கள் என்று தேடச் சொன்னார். தேடினேன். பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து பழுது பார்க்கிறார்களாம். திருப்தியாகத் தலையாட்டினார்.

சாயங்காலம் மகள் ஆறு கண்ணாடி மணிகளும் ஒரு குட்டி மீனும் வாங்கி வந்திருந்தாள். அவள் காட்டியதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு, அப்பா அவளிடம் கடைசிக் கேள்வியைக் கேட்டார். கடல் ஏறுவதற்குக் காரணம் என்ன? நிலா என்றாள். நிலா தண்ணீரை இழுக்கிறது.

"அப்ப நம்ம வைகை அணைத் தண்ணிய ஏன் இழுக்கல?"

"அதையும் இழுக்கும் தாத்தா. ஆனா அது சின்னது. ஒரு நூல் அளவுகூட ஏறாது, கண்ணுக்குத் தெரியாது."

ஊருக்கு வந்து பள்ளிக்கூடம் திறந்து, நான் வேலையில் மூழ்கிவிட்டேன். ஒரு பௌர்ணமிக்கு மறுநாள் அம்மா போனில் பொரிந்தாள். "உங்கப்பா நேத்துக் காலையில தூக்குல சோத்தக் கட்டிக்கிட்டு வைகை டேமுக்கு பஸ் ஏறுனவரு, பொழுது சாயத்தான் வந்தாரு. அங்கன என்ன சோலின்னு கேட்டா நெலான்றாரு. நீங்க கூட்டிப்போயி என்னத்தக் காட்டுனீக?"

போனை அவரிடம் தரச் சொன்னேன். கரையோரக் கல் ஒன்றில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுக் காலையிலிருந்து பார்த்தாராம். வெளியே விடுகிற தண்ணீர் எவ்வளவு, உள்ளே வருவது எவ்வளவு என்று அங்கிருந்த ஒருவரிடம் விசாரித்து அதையும் கழித்துப் பார்த்தாராம்.

"ஏதாவது தெரிஞ்சுச்சாப்பா?"

"ஒண்ணும் தெரியல. காத்து அடிச்சு அலைஞ்சுக்கிட்டே இருக்கு." கொஞ்சம் யோசித்தார். "காத்தில்லாத மாசமாப் பாத்துப் போகணும். பேத்திக்கிட்ட கேளு, அவளுக்கு லீவு எப்பன்னு."