படுக்கப் போட்ட கயிறு

நிலம் அளப்பதில் தன் அண்ணனை மிஞ்ச கோத்தகிரி வட்டாரத்திலேயே ஆள் கிடையாது என்று அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார். சர்வேயர்களுக்குச் சங்கிலி பிடிக்கும் வேலை பெரியப்பாவுக்கு. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நானே பார்த்திருக்கிறேன். மேட்டில் இருப்பவர் சங்கிலியைத் தரையோடு பிடித்திருக்க, பள்ளத்தில் நிற்கும் பெரியப்பா தன் முனையைத் தலைக்கு மேல் தூக்கி மட்டமாக இழுப்பார். சரிவு முழுக்க இப்படியே கொஞ்சம் கொஞ்சமாக அளந்து இறங்குவார்கள்.

தாத்தா காலமானதும் தேயிலைத் தோட்டம் இரண்டு பங்கானது. ஓடையோரத்துச் சமதரை பெரியப்பாவுக்கு, அதற்கு மேலே உள்ள சரிவு அப்பாவுக்கு. அகலம் ஒன்றுதான், நீளத்தையும் ஒன்றாக்கிவிட்டால் யாருக்கும் குறையில்லை என்று பெரியப்பாவே கயிறு கொண்டுவந்தார். சமதரையில் நூறடி. சரிவிலும் நூறடி, ஆனால் செடிகளுக்கு நடுவே தரையோடு தரையாகப் படுக்கப் போட்டு. மேல் முனை அப்பா கையில். கீழே பெரியப்பாவோடு நான்.

"ஏனுங்க பெரியப்பா, இன்னிக்குத் தூக்கிப் புடிக்கலீங்களா?"

"அதெல்லாம் சர்க்கார் நெலத்துக்கு, அம்மிணி. இது நம்மூட்டு நெலம்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கையில் மொறுமொறுவென்று ஒரு வர்க்கி ரொட்டியும் கொடுத்தார். அப்பா அண்ணனை நம்பிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

பிறகு பட்டா பிரிக்க சர்வேயர் வந்தார். முக்காலியில் கருவியை வைத்து எங்கள் சரிவை அண்ணாந்து பார்த்தார்.

"சரிவு முப்பது டிகிரிங்க. படுக்கப் போட்ட நூறடி, மட்டத்துக்கு எண்பத்தேழுதான் வரும். பட்டாவுல மட்டந்தானுங்க கணக்கு."

"மீதி எங்கீங்க போச்சு?" அப்பா தன் அண்ணனைத்தான் கேட்டார்.

பெரியப்பா தனக்கும் இது புதுசு என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். அவருக்குத் தெரியாது என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று நான் முந்திக்கொண்டேன்.

"பெரியப்பாவுக்குத் தெரியுங்க. சர்க்கார் நெலத்துக்குத்தான் தூக்கிப் புடிக்கோணும், நம்மூட்டு நெலத்துக்கு வேண்டாம்னு எங்கிட்டச் சொன்னாங்க."

பத்திரம் பதிவாகிவிட்டது, இனிக் கேட்டும் பயனில்லை. அந்தச் சமதரையில் பெரியப்பா பின்னால் மாடி வீடு கட்டினார். அப்பா சாகும்வரை அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அன்று சர்வேயர் போனதும், பெரியப்பா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனார். எல்லார் முன்னாலும் அவருக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன், ஒரு வர்க்கிகூடத் தராமல் போகிறாரே என்றுதான் எனக்கு வருத்தம்.