கறுவலும் இடியன் துவக்கும்

சமாதான காலம் தொடங்கி வந்த முதல் மாரியில்தான் பன்றி என்னுடைய பனம்பாத்திக்குள் இறங்கியது. விடிய முகம் கழுவிவிட்டுப் போய்ப் பார்க்கிறேன், பாத்தி உழவு மெசின் ஓடின மாதிரிக் கிடக்கிறது. ஆவணியிலும் புரட்டாதியிலும் எங்கள் ஊரான சுருவில் முழுக்கத் திரிந்து, முதுகு முறியப் பொறுக்கி அடுக்கின பனங்கொட்டைகள். கிழங்கு விரல் பருமனுக்கு இறங்கியிருந்தது. அதை மட்டும் கடித்துத் தின்றுவிட்டு, கொட்டைகளை நாலு பக்கமும் எறிந்துவிட்டுப் போயிருந்தது. நாலு பாத்தியில் ஒன்று முடிந்தது. அந்த மண்ணிலேயே குந்தி இருந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. என்னுடைய மனிசன் யாழ்ப்பாணத்தில் மேசன் வேலை. சனிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் வந்து திங்கள் விடியப் போவார். வளவும் பாத்தியும் இரண்டு பெண்பிள்ளைகளும் என்னுடைய பொறுப்பு. தை மாதம் கிழங்கு கிண்டி, பச்சையாய்க் கொஞ்சம் விற்று, மிச்சத்தைப் பிளந்து ஒடியலாய்க் காயவைத்தால்தான் எங்களுக்கு வருசம் ஓடும்.

இவை பிறவியிலேயே காட்டுப் பன்றிகள் இல்லை. தீவில் ஏது காடு? சண்டைக்குப் பயந்து சனம் வள்ளம் ஏறினபோது, பன்றி வளர்த்த, மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார வீடுகளில் கூட்டைத் திறந்துவிட்டுப் போனார்கள். அடைத்துவைத்துப் பட்டினியில் சாகவிட ஆருக்கு மனம் வரும்? ஆளில்லாத வளவுகளில் அவை வருசக்கணக்காய்ப் பெருகி, மயிர் தடித்து, பல் வளைந்து வாய்க்கு வெளியே வந்து, மனிசரைக் கண்டால் ஓடாமல் நின்று பார்க்கிற சாதியாகிவிட்டன. அதிலே பெரியது, தனியாகவே திரிவது, இந்தக் கறுப்பன். இடது காது பாதிதான் இருந்தது. சனம் அதுக்குக் கறுவல் என்று பேர் வைத்திருந்தது.

கடற்கரைப் பக்கம் ஒரு அண்ணை இருந்தார். ஐம்பது தாண்டின கடற்றொழிலாளி. கோயில் பெருநாளுக்கு வெடி கொளுத்துகிறவரும் அவர்தான். கறுவல் அவருடைய பன்றியின் வாரிசு என்று ஊரில் ஒரு கதை.

"அண்ணை, உங்கட பண்டி என்ர பாத்தியைத் திண்டுபோட்டுது," என்றேன்.

"என்ர பண்டி வெள்ளை, தங்கச்சி. இது ஆற்ற சனியனோ ஆருக்குத் தெரியும்."

சொன்னாரே தவிர, அவருக்கு உள்ளுக்குள் குத்தியிருக்கவேண்டும். அன்றைக்கே பழைய வலையொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பாத்திகளைச் சுற்றிக் கட்டித் தந்தார். மூன்றாம் நாள் கறுவல் வலையைக் கிழித்து இரண்டாம் பாத்தியையும் முடித்தது. வலையில் ஒரு துண்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே போய்விட்டது. முள் அடைத்தோம். தகரம் தட்டினோம். அது முள்ளையும் மதிக்கவில்லை, தகரத்தையும் மதிக்கவில்லை.

"துவக்குத்தான் வேணும்," என்று போய் விதானையாரிடம் சொன்னேன். ஊரில் அரசாங்கக் காரியம் பார்க்கிறவர் அவர்தான்.

விதானையார் முதலில் சிரித்தார். பிறகு நான் பகிடி விடவில்லை என்று கண்டு முகத்தை மாற்றினார். "நேவி முகாமில போய்த் துவக்குக் கேக்கப் போறீரோ? உமக்கு விசரே?"

ஆனால் அவர் நல்ல மனிசன். பயிர் காக்க விவசாயிகளுக்கு அரசாங்கம், குழலுக்குள் மருந்தை இடித்து நிரப்பிச் சுடுகிற இடியன் துவக்குக் கொடுக்கிற வழக்கம் வேறு மாவட்டங்களில் இருந்தது. சமாதானம் வந்திருக்கிறது, கேட்டுப் பார்ப்போம் என்று கடிதம் எழுதினார். அழிந்த பாத்திக்காரர் பதினொரு பேர் கையெழுத்து வைத்தோம். மூன்று கிழமை இரவில் பாத்தியடியில் காவல் இருந்த பிறகு, மாவட்ட அலுவலகமான கச்சேரியிலிருந்து பதில் வந்தது: ஒரு துவக்கு, பதினாலு நாளைக்கு. மிச்சம் முகாம் அதிகாரியின் கையில்.

விதானையாரும் அண்ணையும் நானும் முகாமுக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் இளம் அதிகாரி ஒருவர். பக்கத்தில் மொழிபெயர்க்க, மீசை நரைத்த கடற்படைக்காரர் ஒருவர். பல வருசம் தீவில் இருந்து தமிழ் பழகினவர்.

"ஆர் சுடுறது?" என்று அவர் கேட்டார்.

விதானையார் அண்ணையைப் பார்த்தார். "எனக்கு வெடிமருந்து தெரியும், ஐயா. பெருநாள் வெடி கொளுத்திறனான். துவக்குச் சுடத் தெரியாது. கண்ணும் இப்ப முந்தின மாதிரி இல்லை," என்றார் அண்ணை.

அதிகாரி கடிதத்தை மடிக்கத் தொடங்கினார். இப்படியே எழும்பி வந்தால் மற்ற இரண்டு பாத்தியும் போய்விடும்.

"எனக்குத் தெரியும்," என்றேன்.

விதானையார் மேசைக்குக் கீழே என் சேலையைப் பிடித்து இழுத்தார். நரைமீசைக்காரர் அதை மொழிபெயர்க்க முதல் என்னை ஒருதரம் நன்றாகப் பார்த்தார். அந்தக் காலத்தில், அந்த மேசைக்கு முன்னால், ஒரு தமிழ்ப் பெண் சொல்லக்கூடாத வசனம் அது; இயக்கத்தில் சண்டை பழகினவள் என்றுதான் நினைப்பார்கள். எனக்கும் சொன்ன பிறகுதான் அது உறைத்தது.

"எங்க பழகினது?"

"வன்னியில. இடம்பெயர்ந்து இருக்கேக்க. என்ர மனிசனுக்கு மலேரியா. காணிக்காரர் கச்சான் கடலைத் தோட்டத்தைப் பண்டியிட்ட இருந்து காத்துத் தாங்கோ எண்டு இடியன் துவக்கு ஒண்டு தந்தவர். இவர் படுத்துட்டார். நான்தான் சுட்டனான். பண்டியைத் தவிர வேற ஒண்டையும் நான் சுட்டதில்லை."

அதிகாரி கதிரையில் சாய்ந்து இருந்து சிங்களத்தில் ஏதோ சொன்னார். "எப்பிடி மருந்து அடைக்கிறது எண்டு சொல்லச் சொல்றார்," என்றார் நரைமீசைக்காரர்.

சொன்னேன். "முதல் மருந்து. அதுக்கு மேல தேங்காய்த் தும்பு உருட்டி வைக்கவேணும். கம்பியால இடிக்க இடிக்க இறுகும். கம்பி விட்டவுடன துள்ளி மேல வந்தால் இறுகினது காணும். பேந்து ஈயக் குண்டு. அதுக்கு மேலயும் தும்பு. கேப்பு கடைசியில, அதுதான் மருந்தைப் பத்தவைக்கிறது. கேப்பு வைச்சிட்டு ஆரையும் பார்த்துக் கதைக்கக்கூடாது, பண்டியைத்தான் பாக்கவேணும்."

நரைமீசைக்காரர் மொழிபெயர்க்கவே இல்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, அதிகாரியிடம் நீளமாக எதையோ சொல்லிச் சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்கட ஊரிலயும் வயல்ல பண்டிதான், அக்கா. எங்கட அப்பாவும் கம்பி துள்ளுறதைத்தான் பாப்பார். இவ பொய் சொல்லேல்லை எண்டு சொன்னனான்."

நிபந்தனைகள் எழுதினார்கள். துவக்கு முகாமிலேயே இருக்கும். காலை ஆறு மணிக்குக் கையெழுத்து வைத்து எடுக்கலாம், பின்னேரம் ஆறுக்குள் திருப்பிக் கொடுக்கவேணும். ஒரு நாளைக்கு மூன்று வெடிக்குத்தான் மருந்து. நரைமீசைக்காரர் கூட வருவார். அவர் தன் துவக்கைப் பாவிக்க மாட்டார். அதிலிருந்து ஒரு சன்னம் வெடித்தாலும் சமாதானம் குழம்பினது மாதிரி விசாரணை வருமாம்.

பன்றி திரிவது இருட்டில். எங்களுக்குக் கிடைத்ததோ பகல். ஆகவே அது படுக்கிற இடத்தைத் தேடித்தான் போகவேண்டும்.

முதல் மூன்று நாளும் அதன் வாலைக்கூடக் காணவில்லை. நாலாம் நாள் காலை, குளக்கரைச் சேற்றில் கறுவல் புரண்டுகொண்டிருந்ததைக் கண்டோம். முப்பது அடிகூட இருக்காது. நான் முழங்காலில் இருந்து, குறிபார்த்து, விசையை இழுத்தேன். டிக் என்று கேப்பு மட்டும் வெடித்தது. மருந்து பத்தவில்லை. கறுவல் எழும்பி, எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு, சேறு சொட்டச் சொட்ட நடந்து போனது. ஓடக்கூட இல்லை.

பின்னேரம் ஊர் முழுக்கச் சிரிப்பு. "பண்டிக்குச் சல்யூட் அடிச்சிட்டு வந்தவ" என்று கடையடியில் சொன்னார்களாம். என்னுடைய மூத்தவள் பள்ளிக்கூடத்தால் முகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் காலை, முகாம் வாசலில் அண்ணை மருந்தைக் கையில் எடுத்து, விரலால் நசுக்கி, மணந்து பார்த்தார். "இது கடல் காத்தைக் குடிச்சிட்டுது, தங்கச்சி. வன்னி மருந்து வேற, தீவு மருந்து வேற. மாரி வெடியை எப்பிடிக் கொளுத்திறது எண்டு என்னட்டைக் கேட்டிருக்கலாமே."

"கேக்கேல்லைத்தான், அண்ணை. பிழை என்னில."

அவர் மருந்தைத் தாளில் பரப்பி, வெயில் ஏறினதும், சூடேறின மணலை நிழலில் குவித்து அதன்மேல் வைத்து உலர்த்தினார். நான் துவக்கை அடைத்து முடிய, பொக்கற்றிலிருந்து கோயில் மெழுகுதிரித் துண்டொன்றை எடுத்துக் கையால் குழைத்து, கேப்பு இருக்கிற இடத்தைச் சுற்றி ஈரம் போகாமல் பூசினார். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்துப் பார்த்தோம். பூவரசில் இருந்த காகமெல்லாம் எழும்பியது. நரைமீசைக்காரர் கை தட்டினார்.

பதினோராம் நாள். முந்தின நாள் மழை பெய்து விட்டிருந்தது. ஈர மண்ணில் தடம் அச்சுக் குத்தினது மாதிரி இருந்தது. அது போன பாதை, சனம் வெளிநாடு போய்ப் பாழாகின பெரிய வளவொன்றுக்குள் இறங்கியது. நாயுண்ணிப் பற்றை ஆளுயரத்துக்கு நின்றது. அந்த மாதிரி இடத்தில் கால் வைக்க எல்லாருக்கும் பயம். கண்ணிவெடி இருக்கோ இல்லையோ, ஆர் கண்டது?

"அதின்ர தடத்திலயே மிதிச்சு வாங்கோ," என்றேன். "இவ்வளவு பாரமான பண்டி மிதிச்சு வெடிக்காதது எங்களுக்கும் வெடிக்காது."

அண்ணை ஈரமாக்கின விரலைத் தூக்கிக் காற்றைப் பார்த்தார். வாடைக்காற்று. "இப்பிடிப் போனால் எங்கட மணம் அதுக்குப் போகும். கடற்கரைப் பக்கத்தால சுத்தி வருவம்." கடற்கரைப் பக்கத்திலும் அது போய்வந்த தடம் ஒன்று இருந்தது. சுற்றி வந்தோம்.

கூரை விழுந்த வீடு. சுவர்கள் மட்டும். யன்னலால் எட்டிப் பார்த்தேன். குசினிக்குள், அடுப்பு இருந்த மூலையில், கறுவல் படுத்திருந்தது. கழுத்தில் அண்ணையின் வலைத்துண்டு இன்னும் கிடந்தது. துவக்கை யன்னல் கட்டில் வைத்தேன். அண்ணை ஒரு ஓட்டுத் துண்டை எடுத்து மற்றப் பக்கச் சுவரில் எறிந்தார். கறுவல் எழும்பிப் பக்கவாட்டில் திரும்பியது. முன்னங்காலுக்குப் பின்னால் குறி. இழுத்தேன்.

வெடித்தது. இடியன் துவக்கின் புகை உங்களுக்குத் தெரியாது. ஒரு மூடை பஞ்சைக் கிழித்துக் கொட்டினது போல வெள்ளையாய் வந்து கண்ணை மறைக்கும். ஒன்றும் தெரியவில்லை. குளம்புச் சத்தம் மட்டும் கேட்டது. வாசலால் பாய்ந்து, வீட்டைச் சுற்றி எங்கள் பக்கமே வந்தது. புகை விலகிப் பார்க்கிறேன், கிணற்றடியில் மூன்று காலில் நிற்கிறது, தோளால் இரத்தம், முகம் எங்களுக்கு நேரே.

"அக்கா, கெதியா!" என்று நரைமீசைக்காரர் கத்தினார்.

நான் மருந்தைக் கொட்டினேன். அவசரத்தில் அரைவாசி நிலத்தில் போனது, மூன்றாவது வெடியின் மருந்தையும் சேர்த்துக் கொட்டினேன். தும்பு. கம்பி. அண்ணை என்ன செய்தார் தெரியுமா? தோளில் கிடந்த துவாயை இழுத்து விரித்துப் பிடித்துக்கொண்டு எனக்கும் பன்றிக்கும் நடுவில் போய் நின்றார்.

"இஞ்ச பார்! என்ர பண்டியெண்டால் என்னட்டை வா! வா சனியன்!"

அது துவாயைப் பார்த்து ஒரு அடி வைத்தது. இன்னொரு அடி. நான் இடித்தேன். கம்பி துள்ளியது. ஈயம், தும்பு, கேப்பு. "அண்ணை, விலகுங்கோ!" அவர் பக்கத்தில் விழுந்து புரண்டார். கறுவல் தலையைக் குனிந்து பாய்ந்தது. மூன்று பாகம், ஒரு பதினெட்டு அடி தூரம் இருக்கும், நெற்றிக்கு நேரே சுட்டேன்.

இந்த முறை புகை விலகும்வரை ஒருவரும் அசையவில்லை. விலகினபோது அது என் காலடிக்கு முன்னால், மூக்கு மண்ணைக் கிழித்தபடி, கிடந்தது. அண்ணை எழும்பி, சிலுவை போட்டு, பிறகு என்னைப் பார்த்து, "நீ பொம்பிளையோ பீரங்கியோ?" என்றார். நான் சிரிக்கத் தொடங்கினேன். அவரும் சிரித்தார். நரைமீசைக்காரர் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார். மூன்று பேரும் நிலத்தில் இருந்து விசர் பிடித்தவர்கள் மாதிரிச் சிரித்தோம்.

எட்டுப் பேர் சேர்ந்து வள்ளத்துச் சவள் தடியில் கட்டித் தூக்கினார்கள். நான் துவக்கைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னுக்கு நடந்தேன். கடையடியில் இருந்தவர்கள் எழும்பி நின்றார்கள். மூத்தவள் பள்ளிக்கூட வேலியால் கண்டுவிட்டு, புத்தகப் பையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு ஊர் முடியும்வரை விடவே இல்லை. முகாமில் நாலு மணிக்குத் துவக்கைக் கொடுத்தேன். அதிகாரி வெளியே வந்து பன்றியைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, கையெழுத்துப் புத்தகத்தைத் தானே எனக்கு நீட்டினார்.

இறைச்சியைப் பனையோலையில் பங்கு போட்டோம். கையெழுத்து வைத்த பதினொரு வீட்டுக்கும் போனது. எங்கள் பக்கத்தில் பன்றி சமைக்காத வீடுகள் தங்கள் பங்கைக் கடற்கரை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு மாற்றாக மீன் வாங்கின. என் வீட்டில் சமைத்தேன். வன்னியில் பழகின கைப்பக்குவம், மிளகும் சரக்கும் தூக்கலாய். சனிக்கிழமை வந்த மனிசன் மூன்றுதரம் சோறு போட்டுத் தின்றுவிட்டு, "எனக்கு மலேரியா வந்ததும் நல்லதுக்குத்தான்," என்றார்.

மிச்சம் இருந்த இரண்டு பாத்தியும் தையில் கிண்டினேன். ஒவ்வொரு கிழங்கும் என் மணிக்கட்டுப் பருமன். ஒன்றும் பூச்சி அரித்த சூத்தை இல்லை.

அதற்கு முதலே, அந்தச் சனிக்கிழமை பின்னேரமே, துவக்குத் தவணை முடிய இரண்டு நாள் இருக்க, மடத்துவெளியிலிருந்து இரண்டு தோட்டக்காரர் சைக்கிளில் எங்கள் படலையில் வந்து நின்றார்கள். என் மனிசன்தான் போய்ப் படலையைத் திறந்தார்.

"பண்டி சுடுறவர் நீங்களோ, அண்ணை?"

"நான் இல்லை," என்றார் அவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "பொறுங்கோ, கூப்பிடுறன்."

நான் கையில் இருந்த மாவைக் கழுவிவிட்டு, சேலையைச் சரிபண்ணிக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த நாள் மடத்துவெளிக்குப் போய் இரண்டு பன்றி சுட்டேன்.