மூன்றாவது செயற்கைக்கோளின் கடிகாரம்

அந்தக் காந்தப்புயலை மூன்று செயற்கைக்கோள்கள் பார்த்திருந்தன. பூமியின் இரவுப் பக்கத்தில் வால்போல நீண்டுகிடக்கும் காந்தப்புலத்துக்குள் ஒன்று பூமிக்கு அருகில் இருந்தது, இரண்டு வெகுதொலைவில். ஒன்று மட்டும் இருந்தால், புலம் அங்கேயே மாறியதா, மாற்றம் வேறெங்கிருந்தோ நகர்ந்து வந்ததா என்று சொல்ல முடியாது.

பெங்களூரில் ஒரே ஆய்வுக்கூடத்தில் நானும் என் நண்பரும் அப்போது பதினைந்து வருடமாக அடுத்தடுத்த மேஜை. அவர் வீடு பிரேசர் டவுனில், என் வீடு விவேக் நகரில். புயலின் கொந்தளிப்பு தொலைவில் தொடங்கி பூமியை நோக்கி வந்தது என்று இருவரும் கட்டுரை எழுதினோம். அருகிலிருந்த செயற்கைக்கோள் மட்டும் ஒத்துவரவில்லை. மற்றவற்றுக்கு இரண்டு நிமிடம் முன்பே அது மாற்றத்தைக் கண்டிருந்தது. அதன் கடிகாரம் பிசகிவிட்டது என்று ஒரு வரி சேர்த்து ஒதுக்கினோம். அந்த வரியை எழுதியவள் நான்.

கட்டுரையை அனுப்ப இரண்டு நாள் இருக்கும்போது, வேறொரு படத்துக்காக புயலடித்த நாளின் காலைப் பதிவுகளைத் திறந்தேன். சூரியனிலிருந்து வந்த அதிர்வலை பூமியில் மோதிய நேரம் அது. அந்த அலை ஒவ்வொன்றையும் தொட வேண்டிய நேரத்திலேயே மூன்றும் அதைப் பதிந்திருந்தன. கடிகாரம் சரியாகத்தான் ஓடியிருக்கிறது.

நண்பரை அழைத்துக் காட்டினேன்.

“அப்புறமா கெட்டுப்போயிருக்கலாம்ல?”

“கொந்தளிப்புக்கு அப்புறம் சாயங்காலம் இன்னொரு அலை வந்துச்சு. அதையும் பாத்துட்டேன். சரியாதான் இருக்கு.”

“அடுத்த மாசம் எனக்கு ப்ரமோஷன் இன்டர்வியூ. இந்தப் பேப்பரை நம்பித்தான் இருக்கேன்னு உனக்குத் தெரியும்.”

“தெரியும்பா.”

“சும்னே, அப்படியே அனுப்பிடலாம்மா. அந்த ஒரு வரியைப் பத்தி யாரும் கேக்க மாட்டாங்க.”

“இனிமே அந்த வரியை என்னால எழுத முடியாது.”

அவர் கோபப்படவில்லை. “அப்ப என் பேரை எடுத்துடு” என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். எப்போதும் பஸ் நிறுத்தம்வரை சேர்ந்து நடப்போம்; அன்று நடக்கவில்லை.

எல்லாவற்றையும் திரும்பக் கணக்கிட எனக்கு ஒரு வருடம் ஆனது. மூன்றையும் நம்பிப் பார்த்தபோது கதையே தலைகீழானது. கொந்தளிப்பு பூமிக்கு அருகில் தொடங்கி வெளியே பரவியிருந்தது. கட்டுரை என் பெயரில் மட்டும் வந்தது. அவருக்கு அந்த வருடம் பதவி உயர்வு கிடைக்கவில்லை. அதற்குள் மேல்மாடிக்கு மேஜையை மாற்றிக்கொண்டு போயிருந்தார்.

இரண்டு வருடம் கழித்துப் பதவி உயர்வு வந்தபோது, மைசூர்பாகு டப்பாவோடு ஒவ்வொரு அறையாக வந்தார். என் அறைக்கும் வந்தார்.

“எடுத்துக்கோ.”

எடுத்துக்கொண்டேன். பிள்ளைகள் படிப்பைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். உட்காரச் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த அறைக்குப் போய்விட்டார். செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அந்த இனிப்பைச் சாப்பிட முடியாமல் காகிதத்தில் மடித்து வைத்தேன்.