மூன்றடி வளைவு

மேலகரத்தில் குடியிருப்பவர்களுக்குச் சொந்தக்காரர்கள் குறைவதே இல்லை. தென்காசியில் இறங்கிக் குற்றாலம் போகிறவர்கள் வழியில் எங்கள் வீட்டுக்கு வராமல் போனால் மரியாதைக் குறைவு என்று நினைத்தார்கள். சாரல் விழுந்தால் போதும், என் கணவரின் அக்கா திருவேங்கடத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கிவிடுவார். அருவியில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்கு எடுக்கிற பசி இருக்கிறதே, அதற்கு ஆக்கிப் போட்டே என் ஆனியும் ஆடியும் அடுப்படியில் போயின. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சீசனில் ஒருமுறைகூட நான் அருவியில் தலை நனைத்ததில்லை. அந்த ஆத்திரம் எனக்கு உண்டு.

அறுபதுகளின் தொடக்கத்தில், கொழும்பில் கடையை மூடிவிட்டு வந்த சிநேகிதர் ஒருவர் என் கணவருக்கு ஒரு பொம்மை ரயிலைக் கொடுத்தார். சாவி கொடுத்தால் ஓடும். நேர்த் தண்டவாளங்கள் இருந்தன, வளைவுத் துண்டுகள் இல்லை. மதராஸ் கடையொன்றில் அவை இரண்டு அளவில் கிடைத்தன: இரண்டடி ஆரம், மூன்றடி ஆரம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாரான அவருக்கு இது போதாதா? ஆணியில் நூலைக் கட்டிச் சுண்ணாம்புக்கட்டியால் கூடம் முழுக்க வட்டம் போட்டார். செங்கோட்டை மலை ரயில்பாதையின் வளைவைச் சரியான விகிதத்தில் சுருக்கினாலும் பக்கத்து வீட்டுத் தொழுவம் வரை போகும் என்று கண்டுபிடித்தார். தொழுவத்துக்காரரிடம் அனுமதி கேட்கக் கிளம்பியவரை நான்தான் தடுத்தேன்.

"ரெண்டடியே போதும்டி. சின்ன எடத்துல அடங்கிரும்" என்றார்.

எனக்கு அப்போதுதான் புத்தி வேலை செய்தது. கூடம் எட்டடி அகலம். மூன்றடி ஆரம் என்றால் தண்டவாளமே ஆறடியை விழுங்கிவிடும். இரு பக்கமும் சுவரோரம் மிஞ்சுகிற ஓரடியில் பூனை வேண்டுமானால் படுக்கலாம். பாய் விரிக்க இடமில்லாத வீட்டில் யார் தங்குவார்கள்?

"சின்ன வளைவுல எஞ்சின் கவுந்துராதா? நெசமான ரயிலு மாதிரி இருக்கண்டாமா?" என்று கவலையோடு கேட்டேன். "அடிக்கடி கழத்தி மாட்டுனா தேஞ்சிரும்லா? பலகையில ஆணி அடிச்சிருங்க."

பெண் பார்க்க வந்த அன்றுகூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. நூலின் மறுமுனையை நானே பிடித்தேன். இரண்டு கோடியிலும் மூன்றடி வளைவு, நடுவில் நேர்த் தண்டவாளம் என்று கூடத்தின் நீளம் முழுக்க அடைபட்டது. அவ்வளவு சந்தோஷமாக அந்த வீட்டில் நான் எந்த வேலையும் செய்ததில்லை.

ஆனி பிறந்தது, சாரலும் வந்தது, நாத்தனாரும் வந்தார். வாசலில் நின்று கூடத்தைப் பார்த்தார். லாட்ஜுக்குப் போகிறோம் என்று இப்போது சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவரோ சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டினார். நடுவில் பாயை விரித்தார், படுத்தார். தலையும் இடிக்கவில்லை, காலும் இடிக்கவில்லை. வெளியே மிஞ்சுவதை அளந்த நான் உள்ளே மிஞ்சுவதை அளக்கவில்லை.

"ஏலே தம்பி, இங்கன நல்லா கால் நீட்ட முடியுதே! யாரு மிதியும் படாது" என்றவர் தன் ஆட்களையும் கூப்பிட்டு வரிசையாகப் படுக்க வைத்தார். என் கணவர் சாவி கொடுத்தார். ரயில் அவர்களைச் சுற்றி ஓடியது, கவிழவே இல்லை.

"ஏட்டி, காப்பிய அங்கன நின்னே குடு. தண்டவாளத்த மிதிச்சிராத" என்றார் நாத்தனார்.

சாயங்காலம் எல்லோரும் அருவிக்குக் கிளம்பினார்கள். இந்த முறை நானும் வருகிறேன், திரும்பி வந்து சமைத்துக்கொள்ளலாம் என்று துணிந்து சொல்லிவிட்டேன். என் கணவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கனிவாகச் சொன்னார்: "ரயிலத் தனியா விட்டுட்டு எப்படிப் போக? இந்த வீட்டுல அதோட அருமை தெரிஞ்சவ நீ ஒருத்திதாம்ட்டி. நீ இரு."